குல்மார்க்கில் முதல் பனிச்சறுக்கு: டிக்கெட் போடுவதற்கு முன்பிருந்தே தெரிந்திருக்க வேண்டியவை

காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகும் பயணங்கள் பெரும்பாலும் சறுக்கும் இடத்தில் கெடுவதில்லை. மேலே ஏறும் டங்மார்க் சாலையில் கெடுகின்றன. உயிர்பெறாத சிம் கார்டில், ஹீட்டர் நின்றுபோன அறையில், கால் நுழையாத சறுக்கு பூட்ஸில், ரத்தான விமானத்தில் கெடுகின்றன. விழுந்து எழுவதை ஆசிரியர் சொல்லிக் கொடுத்துவிடுவார். மற்றதையெல்லாம் சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்தபடி நீங்கள்தான் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இதுவரை பனியில் கால் வைக்காத, நான்கைந்து நாள் சறுக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிற ஒருவரை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. எந்த வாரம் போவது

டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாளைக் காஷ்மீரில் 'சில்லை கலான்' என்பார்கள். குளிரின் உச்சம் அதுதான். அதற்கடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்', கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா'. டிசம்பரில் குளிர் வந்துவிடும். சறுக்கும் அளவுக்குப் பனி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுவது நல்லது.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் புதியவர்களுக்கு என் ஓட்டு பிப்ரவரி இரண்டாம் பாதிக்குத்தான். பகல் நீளும், வெயில் கொஞ்சம் உறைக்கும், விழுந்தாலும் விரல் விறைக்காது. பொடிப்பனி தேடி வருகிற தேர்ந்தவர்கள் ஜனவரியைக் கேட்பார்கள். அது உங்கள் கவலை இல்லை.

ஆனாலும் பனி யார் சொல்லும் கேட்காது. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க் வறண்டு கிடந்தது. 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஆகவே தேதியை நகர்த்த முடிகிற டிக்கெட்டும், ரத்து செய்தால் பணம் திரும்புகிற அறையும் கொஞ்சம் விலை கூடினாலும் லாபம்தான். ஜனவரி 26ஐ ஒட்டி ஸ்ரீநகரில் சோதனைகள் கடுமையாக இருக்கும். அன்றும் முந்தைய நாளும் பயண நாளாக அமையாமல் பாருங்கள்.

2. நாள் கணக்கு

நான்கு நாள் சறுக்க எட்டு நாள் வேண்டும். கேட்க அநியாயமாக இருக்கும், எண்ணிப் பாருங்கள். முதல் நாள் விமானம், இரவு ஸ்ரீநகரில். இரண்டாம் நாள் காலை குல்மார்க் ஏறி, மதியம் பூட்ஸும் கருவியும் அளவு பார்த்து எடுப்பது. மூன்று முதல் ஆறு வரை சறுக்கல். ஏழாம் நாள் காலை ஸ்ரீநகருக்கு இறங்கி இரவு அங்கே தங்கல். எட்டாம் நாள் விமானம்.

பலர் வெட்டுவது அந்த ஏழாம் நாளைத்தான். 'காலையில் இறங்கி மதிய விமானம் பிடித்துவிடலாம்' என்று கணக்குப் போடுவார்கள். குல்மார்க்கிலிருந்து ஸ்ரீநகர் ஐம்பது கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். இரவில் பனி கொட்டினால் சாலையைத் தள்ளித் திறக்கும்வரை வண்டி நகராது. கடைசி இரவு ஸ்ரீநகரில் என்பதில் சமரசம் வேண்டாம். அந்த நான்கு சறுக்கல் நாளிலும் ஒன்று காற்றுக்கோ மேகத்துக்கோ போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் விமானங்கள் பெரும்பாலும் டெல்லி வழிதான். டிசம்பர், ஜனவரியில் டெல்லிக் காலைகள் மூடுபனிக் காலைகள். ஸ்ரீநகரில் பனியும் மங்கலும் சேரும். இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டு முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவதற்கான பணம் போனதுதான். ஒரே பிஎன்ஆர் என்றால் மாற்றி ஏற்றுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. ஸ்ரீநகரில் நண்பகலை ஒட்டி இறங்குகிற விமானம் உத்தமம்.

மாற்றுவழி ஒன்றும் கையில் இருக்கட்டும். 2025 ஜூனிலிருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ஓடுகிறது, ஏறத்தாழ மூன்று மணி நேரம். விமானம் ரத்தாகி, ஜம்மு நெடுஞ்சாலையும் மண்சரிவில் அடைபட்டால் இந்த ரயில்தான் வெளியே வரும் வழி. அன்று எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள் என்பதால் ரத்து என்று செய்தி வந்த நிமிடமே இருக்கை பாருங்கள்.

3. எவ்வளவு ஆகும்

இருவர் ஓர் அறையில் தங்கி, ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வதாக வைத்து, ஒருவருக்கான திட்டத் தொகை இது. சீசனைப் பொறுத்து ஏறி இறங்கும்.

சென்னையிலிருந்து போய்வர விமானம் 22,000 ரூபாய். குல்மார்க்கில் ஐந்து இரவு, அறை நாளுக்கு 9,000 என்றால் உங்கள் பங்கு 22,500. ஸ்ரீநகரில் இரண்டு இரவுக்கு 4,000. கருவி வாடகை நாளுக்கு 1,500 வீதம் நான்கு நாள், 6,000. ஆசிரியருக்கு நாளுக்கு 3,000, பாதிப் பங்கு நான்கு நாளுக்கு 6,000. கோண்டோலா (மலைமேல் ஏற்றும் கேபிள் கார்), லிஃப்ட் 3,500. வண்டிகள் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 5,000. சாப்பாடு நாளுக்கு 1,200 வீதம் எட்டு நாள், 9,600. கூட்டினால் 78,600. இதற்குமேல் உடைக்கு ஒரு பத்தாயிரம், ஒரு நாள் மாட்டிக்கொண்டால் செலவழிக்க இன்னொரு பத்தாயிரம்.

இதில் குறைக்கக்கூடாத வரிகள் இரண்டு: ஹீட்டர் உள்ள அறை, ஆசிரியர். குறைக்கலாம் என்றால் கோண்டோலாவைக் குறைக்கலாம். முதல் இரண்டு நாள் உங்களுக்கு அது தேவையே இல்லை.

செலவு ரொம்ப இடிக்கிறது, நேரம் இருக்கிறது என்றால் அரசுப் பயிற்சிகளைப் பாருங்கள். குல்மார்க்கிலேயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம் இருக்கிறது. மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்றக் கழகம் சோலாங்கில் இரண்டு வாரப் பயிற்சி தருகிறது. தங்குமிடம், சாப்பாடு, கருவி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் பயிற்சிகள் இங்கே கிடைக்கும். இடங்கள் குறைவு, பல மாதம் முன்பே நிரம்பிவிடும். மருத்துவர் கையெழுத்திட்ட உடற்தகுதிச் சான்று, புகைப்படம், அடையாள அட்டை கேட்பார்கள். காலை ஐந்தரை மணிக்கு எழுப்பிவிட்டால் முகம் சுளிக்காதவர்களுக்கு ஏற்றது.

4. ஆவணம், சிம், பணம்

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். ஏறி இறங்கிய நிமிடமே யுபிஐ, ஓடிபி, வண்டிக்காரர் எண் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போவது பெரிய சங்கடம். குழுவில் குறைந்தது இருவரிடம், வெவ்வேறு நிறுவனத்தின் போஸ்ட்பெய்டு இருக்கட்டும். வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணே போஸ்ட்பெய்டாக இருப்பது நல்லது. ப்ரீபெய்டை மாற்றச் சில நாள் ஆகலாம் என்பதால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே செய்யுங்கள்.

ஆதார் அல்லது வாக்காளர் அட்டையின் அசலும் இரண்டு நகலும். குழந்தைகளுக்கும் அப்படியே. கோண்டோலா டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். நம் முதலெழுத்துக் குழப்பம் தெரிந்ததுதானே. அட்டையில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் தட்டுங்கள்.

கனடா, பிரிட்டன், இலங்கை என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வெளிநாட்டவர் பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும். ஓசிஐ அட்டை இருப்பவர்களும் அந்த மேசையைக் கேட்டுப் போய்விட்டு வெளியேறுங்கள். இன்னொன்று, இதை லேசாக எடுக்க வேண்டாம்: செயற்கைக்கோள் தொலைபேசியும், கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் தகவல் கருவிகளும் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். மேலைநாடுகளில் மலையேறுகிறவர்கள் பாதுகாப்புக்காகச் சாதாரணமாக வைத்திருப்பதுதான். இங்கே விமான நிலையத்தில் பிடித்துக் கைது வரை போயிருக்கிறது. ட்ரோனும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ரொக்கமாக ஆளுக்குப் பதினைந்தாயிரமாவது வேண்டும். குல்மார்க்கில் ஏடிஎம் உண்டு, ஆனால் பனி நாளில் அதில் பணம் இருப்பது அதிர்ஷ்டம். சிக்னல் இல்லாத சரிவில் யுபிஐ உதவாது.

காப்பீடு எடுப்பவர்கள் 'சாகச விளையாட்டு' என்ற விலக்கு வரியைத் தேடிப் படியுங்கள். பயணக் காப்பீடு என்று விற்கப்படும் பலவற்றில் பெட்டி தொலைந்தால் பணம் உண்டு. பனிச்சறுக்கில் முழங்கால் போனால் இல்லை.

5. அறை பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, பத்து டிகிரி போவது சாதாரணம். 'ஹீட்டிங் இருக்கு சார்' என்பது பதில் அல்ல. என்ன ஹீட்டிங் என்று கேளுங்கள். மத்திய வெப்பமூட்டல் என்றால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? புகாரி என்றால் (விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு) விறகு வாடகையில் சேர்த்தியா, தனியா? மின்சாரப் போர்வை என்றால் மின்வெட்டின்போது ஜெனரேட்டர் அதைத் தாங்குமா? வெந்நீர் எந்த நேரம்? குழாய் உறைந்தால் வாளியில் தருவார்களா? பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். புகாரி அறையில் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துத் தூங்க வேண்டும். முழுக்க மூடிய அறையில் புகை வாயு ஆளைக் கொல்லும்.

கோண்டோலா நிலையத்திலிருந்து நடந்து எத்தனை நிமிடம் என்பதும் முக்கியம். பூட்டும் சறுக்குப் பலகையுமாக ஒரு கிலோமீட்டர் நடப்பது பயிற்சிக்கு முன்பே ஒரு பயிற்சி. டங்மார்க்கில் அறை மலிவு என்று அங்கே தங்கித் தினமும் ஏறலாமா என்பார்கள். சறுக்கப் போகிறவர்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு காலையும் சாலைக்குப் பலியாகும்.

6. உடை

முதல் விதி, பருத்தி கூடாது. வேர்வையிலும் பனியிலும் நனைந்த பனியனும் ஜீன்ஸும் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடலை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் மேலும் கீழும் இரண்டு செட். அதன்மேல் ஃப்ளீஸ். வெளியே நீர் புகாத ஜாக்கெட்டும் சறுக்குக் கால்சட்டையும். நீர்த்தடுப்பு 10,000 மில்லிமீட்டர் என்று அட்டையில் இருந்தால் போதும். ஊட்டிக்குப் போட்ட கனத்த ஸ்வெட்டர் இங்கே மூன்றாம் பட்சம்.

கையுறை நீர் புகாததாக, இரண்டு ஜோடி. ஒன்று நனைந்தால் மறுநாளைக்குள் காயாது. சாக்ஸ் முழங்கால் வரை ஏறுகிற ஒரே ஒரு மெல்லிய ஜோடி. குளிருமே என்று இரண்டு ஜோடி போட்டால் பூட்டுக்குள் ரத்த ஓட்டம் அழுந்தி விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். தெர்மல் கால்சட்டையின் விளிம்பையும் பூட்டுக்குள் விடாதீர்கள். அந்த மடிப்பு மாலைக்குள் கணைக்கால் எலும்பில் ரத்தம் கட்ட வைத்துவிடும்.

கண்ணாடி அணிபவர்கள் அதற்குமேல் போடும் அகலக் காகிள்ஸ் வாங்குங்கள், அல்லது கான்டாக்ட் லென்ஸ். வெயில் நாளில் புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்பக்கத்திலும் தாடைக்குக் கீழும் பூச வேண்டும். வெயில் கீழிருந்தும் வரும்.

7. ஸ்ரீநகரிலிருந்து மேலே

குல்மார்க்குக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் முன்னால் டங்மார்க். பனி விழுந்திருந்தால் சாதாரண வண்டிகளை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மேலே போக டயரில் சங்கிலி கட்டிய வண்டியோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோ வேண்டும். ஸ்ரீநகரில் வண்டி பேசும்போதே கேளுங்கள்: 'பனி இருந்தால் ஹோட்டல் வாசல் வரை வருமா, டங்மார்க்கோடு நிற்குமா? சங்கிலி வண்டிக்குக் காசு யார் தருவது?' இதைக் கேட்காதவர்கள் கொட்டும் பனியில் பெட்டிகளோடு நின்று இரண்டாவது வாடகை பேசுகிறார்கள். அப்போது பேரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹோட்டலிடமே டங்மார்க்கிலிருந்து வண்டி அனுப்பச் சொல்வது சுலபம்.

டங்மார்க்கில் வண்டியை மறித்து, 'கோட்டும் கம்பூட்டும் இல்லாமல் மேலே விடமாட்டார்கள்' என்பார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. உங்களிடம் உடை இருந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள். அந்த வாடகைக் கோட்டு பனியில் நின்று படம் எடுக்க ஆகும், சறுக்க ஆகாது.

மேலே இறங்கியதும் ஸ்லெட்ஜ்காரர்களும் குதிரைக்காரர்களும் சூழ்வார்கள். 'ஏழு பாயின்ட், ஒன்பது பாயின்ட்' என்று பட்டியல் நீட்டுவார்கள். அது அவர்களின் நான்கு மாதப் பிழைப்பு. எரிந்து விழ வேண்டாம். வேண்டுமென்றால் மொத்தத் தொகையா தலைக்கா, எந்த இடம் வரை, எத்தனை மணி நேரம் என்று மூன்றையும் பேசி முடித்த பிறகு ஏறுங்கள். வேண்டாமென்றால் ஒரே தடவை 'நஹி, சுக்ரியா' (வேண்டாம், நன்றி). 'அப்புறம் பார்க்கலாம்' என்ற நம்மூர் மரியாதை இங்கே ஒப்புதலாகிவிடும். மாலையில் உங்களைத் தேடி வருவார்கள்.

8. கருவி எடுப்பது: அவசரப்படக்கூடாத ஒரு மணி நேரம்

இரண்டாம் நாள் மதியத்தை இதற்காகத்தான் ஒதுக்கினோம். சறுக்கல் நாளின் காலையில் கடைக்குப் போனால் வரிசையில் நின்று, கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அரசுச் சுற்றுலாத் துறையின் வாடகைக் கடையும் தனியார் கடைகளும் இருக்கின்றன. அரசுக் கடை மலிவு. கருவியின் வயதைப் பார்த்து எடுங்கள்.

பூட்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இதன் அளவு செருப்புக்கடை எண் அல்ல, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். வீட்டிலேயே குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, பெருவிரல் நுனி வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 26.2 வந்தால் 26.5 கேளுங்கள். 26க்கும் 26.5க்கும் வெளி ஓடு ஒன்றேதான் என்பதால் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் சண்டை வேண்டாம். செருப்பிலேயே வளர்ந்த நம் பாதம் முன்புறம் அகலம். 98 மில்லிமீட்டர் அகல பூட் நெரிக்கும், 102 அகலம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சரியான பூட் இப்படி இருக்கும்: நேராக நின்றால் விரல்நுனி முன்னால் தொடும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் பின்வாங்கும், குதிகால் அசையாது. நின்றபடியே விரல் தாராளமாக ஆடினால் பெரிது. வசதியாக இருக்கிறதே என்று பெரிய பூட் எடுப்பதுதான் பொதுத்தவறு. உள்ளே கால் நழுவினால் பலகை சொன்ன பேச்சு கேட்காது. அதைச் சரிக்கட்டக் கொக்கிகளை இறுக்க, இறுக்கியதில் கால் மரத்துப்போகும். எடுத்த பூட்டோடு கடைக்குள்ளேயே பதினைந்து நிமிடம் நில்லுங்கள்.

பலகையின் நீளம் புதியவருக்குத் தாடையிலிருந்து மூக்கு வரை. நீளம் கூடினால் திருப்பக் கஷ்டம். குச்சியைத் தலைகீழாகப் பிடித்து, வட்டத்துக்குக் கீழே கையை வைத்தால் முழங்கை நேர்கோணத்தில் மடங்க வேண்டும்.

பைண்டிங் என்பது பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பகுதி. விழும்போது அது கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழல்வது என்பதுதான் டின் எண். உடல் எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், உங்கள் தேர்ச்சி ஆகிய ஐந்தையும் அட்டவணையில் பார்த்துத்தான் அதை வைக்க வேண்டும். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் திருப்புளியைச் சுழற்றினால் நிறுத்திக் கேளுங்கள். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்தும் சொல்லாதீர்கள், வீரத்துக்குத் 'தெரியும்' என்றும் சொல்லாதீர்கள். எண் கூடினால் விழும்போது கழலாமல் முழங்கால் தசைநார் கிழியும். குறைந்தால் ஓடும்போதே கழன்று விழ வைக்கும். ஒவ்வொரு பலகையிலும் முன்னும் பின்னும் ஒரு சிறு ஜன்னலில் அந்த எண் தெரியும். நான்கிலும் ஒரே எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பூட்டையும் பலகையையும் ஒரே கடையில், சேர்த்து மாட்டிப் பார்த்து எடுங்கள். பூட் அடிப்பகுதிகளில் வகைகள் உண்டு, பழைய பைண்டிங் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தலைக்கவசம் கட்டாயம். பலகையின் அடியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கே அனுப்பிவிடுங்கள்.

இரவில் பூட்டை வராந்தாவில் விடாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் கல்லாகி, காலையில் கால் நுழையாது. உள்ளுறையை உருவி அறைக்குள் காய வையுங்கள். புகாரியிலிருந்து ஒரு கஜம் தள்ளி.

9. ஆசிரியரும் முதல் நான்கு நாளும்

சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா என்று அட்டையைக் கேளுங்கள். நாளுக்கு எத்தனை மணி நேரம், கட்டணம் ஆளுக்கா குழுவுக்கா, கருவி சேர்த்தியா, அவருடைய லிஃப்ட் செலவு யாருடையது என்று பேசிக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியருக்கு மூன்று பேருக்குமேல் வேண்டாம். முதல் நாள் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் மாற்றலாம். அதனால் நான்கு நாள் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்.

முதல் நாள் தட்டையான பனியில் ஒரு பலகையோடு நகர்வது, விழுவது, எழுவது, பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து வால்களை விரித்து நிற்பது. எழ முடியாமல் தவிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே: பலகை மலைக்கு நேராகக் கீழ்நோக்கி இருக்கும். முதலில் பலகைகளை உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்காக வைத்துவிட்டு எழுங்கள்.

இரண்டாம் நாள் அதே விரிந்த நிலையில் திருப்பங்கள், தொடக்கச் சரிவில் உள்ள இழுவை லிஃப்ட். அந்த லிஃப்டின் கட்டையில் உட்காராதீர்கள். அது இழுக்கத்தான், தாங்க இல்லை. உட்கார்ந்தால் மல்லாந்து விழுவீர்கள். மூன்றாம், நான்காம் நாள் திருப்பங்களைத் தொடுத்து இறங்குவது. ஆசிரியர் சரி என்றால் மட்டும் கோண்டோலாவின் முதல் கட்டம் முடியும் கோங்டோரி.

பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பகுதி லேசாகி, வேகம் கூடி, திருப்பம் கிடைக்காது. கீழ்க்கால் பூட்டின் முன் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நூறு தடவை சொல்வார்கள். நூறு தடவையும் மறக்கும். பைண்டிங் பூட்டவில்லை என்றால் முக்கால்வாசி பூட் அடியில் ஒட்டிய பனிதான் காரணம். குச்சியால் சுரண்டிவிட்டு மிதியுங்கள்.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து தோப்புக்கரணமும், சுவரில் முதுகை ஒட்டி நாற்காலிபோல் நிற்பதும் தினமும் செய்யுங்கள். இரண்டாம் நாள் மாலை மாடிப்படி ஏறும்போது அதன் அருமை தெரியும்.

10. கோண்டோலா

இரண்டு கட்டம். முதலாவது குல்மார்க்கிலிருந்து (2,650 மீட்டர்) கோங்டோரி வரை, சுமார் 3,080 மீட்டர். இரண்டாவது அங்கிருந்து அபர்வாட் சிகரத்தின் தோள் வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர். சுற்றுலாப் பயணிக்கான டிக்கெட் ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் மட்டும்தான், தேதியும் நேரமும் குறித்து. சீசனில் இரண்டாம் கட்டம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாசலில் 'என்னிடம் இருக்கிறது' என்பவரிடம் வாங்கிய டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்காது.

சறுக்குகிறவர்களுக்குத் தனிப் பாஸ் உண்டு. போய்த்திரும்பும் சுற்றுலா டிக்கெட்டோடு அதைக் குழப்பிக்கொள்ளாமல், உங்கள் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு கவுன்டரில் கேளுங்கள். காற்று பலமாக இருந்தாலும், மேலே பனிச்சரிவு அபாயம் நீங்காவிட்டாலும் இரண்டாம் கட்டம் மூடியே கிடக்கும். அதற்காக ஒரே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வராதீர்கள். போன கையோடு முதல் நாளே 3,950 மீட்டர் ஏறுவதும் வேண்டாம். தலைவலி, குமட்டல், மூச்சு வாங்கல் வந்தால் மருந்து கீழே இறங்குவதுதான். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

11. கயிற்றுக்கு அப்பால் போகாதீர்கள்

அபர்வாட்டின் பெரும்பகுதி சீர்செய்யப்படாத காட்டுப்பனி. ரோந்துக் குழு திறந்துவிட்ட பகுதிக்கு ஒரு கயிறு தள்ளி நடந்தாலே பனிச்சரிவு நிலம். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் புதைந்து இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் கிலன்மார்க் பக்கம் ஒரு ரஷ்யர். இவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்லர். பெரும்பனி கொட்டி ஓய்ந்து, வானம் நீலமாகத் திறக்கிற முதல் காலைதான் ஆளை இழுக்கும். அதே காலைதான் புதுப்பனி அடியில் பிடிமானமின்றிக் கிடக்கும் நேரமும்.

பாதுகாப்பு அமைச்சின் டிஜிஆர்இ நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ரோந்துக் குழுவின் அறிவிப்பும் உண்டு. புதியவருக்கு இவற்றின் பயன் ஒன்றே: ஆசிரியர் 'வாங்க, ஒரு ரவுண்ட் அந்தப் பக்கம்' என்றால், பீக்கன் (புதைந்தவர் இருக்குமிடம் காட்டும் கருவி), மண்வாரி, துழாவுகோல் மூன்றும் உங்களிடம் இல்லாதவரை 'வேண்டாம்' என்பது.

12. திரும்பும் நாள்

கருவியை முந்தைய மாலையே ஒப்படைத்து, முன்பணத்தையோ அடையாள அட்டையையோ கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கடை திறக்கக் காத்திருந்தால் வண்டி போய்விடும்.

ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். கட்டடத்துக்கு வெகு முன்பே ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, பெட்டிகளை எக்ஸ்ரேயில் விட்டு, மீண்டும் ஏற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அங்கேயே ஒரு வரிசை. உள்ளே மறுபடி சோதனை. இது விமானப்படைத் தளமும்கூட. ஓடுபாதையையும் விமானங்களையும் படம் எடுக்காதீர்கள். தலைக்குமேல் சிப்ஸ், வால்நட் பைகளைக் கட்டிக்கொண்டு வராமல் பெட்டியை ஒன்றிரண்டாகச் சுருக்கினால் சாவடியில் நேரம் மிச்சம். பவர்பேங்க் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. அதை எடுப்பதற்காகப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், அதன் மேலாக உங்கள் நனைந்த சாக்ஸ் இருக்கும்.